சாவு வீட்டில் ஒரு குரங்குக் குல்லா: சிரிப்பையும் அழுகையையும் ஒரே கதையில் வைக்க ஒரு வழிகாட்டி

நீலகிரி மலைக்குக் குறும்படம் எடுக்க வருகிற பிள்ளைகளிடம் கதை கேட்டால் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள்: "ஃபர்ஸ்ட் ஹாஃப் ஃபுல்லா காமெடிண்ணா, செகண்ட் ஹாஃப்ல அழ வெச்சிடுவோம்." படத்தின் நீளம் பன்னிரண்டு நிமிடம்தான். அதிலும் இடைவேளை விடுகிற நினைப்பு! அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. என்.எஸ்.கிருஷ்ணன் காலத்திலிருந்தே நகைச்சுவைப் பகுதியைத் தனியாக எழுதி, தனியாக எடுத்து, கதைக்கு நடுவே சேர்ப்பது நம் சினிமாவில் ஊறிப்போன வழக்கம். கவுண்டமணி–செந்தில் நாட்களிலும் அந்த டிராக் தனியாகத்தான் ஓடியது. ரசித்துப் பார்த்தோம், இன்றும் பார்க்கிறோம். ஆனால் அந்தப் படங்களில் சிரிப்பும் அழுகையும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி ஒரே காம்பவுண்டுக்குள் குடியிருக்கின்றன.

இங்கே சொல்லப்போவது வேறு வகை. எந்தப் பொருளைப் பார்த்துச் சிரிக்கிறோமோ அதே பொருளைப் பார்த்துத்தான் தொண்டை அடைக்க வேண்டும். அதற்கு ஒரு கதையை அடியிலிருந்து கட்டிப் பார்ப்போம். கதை முழுக்கக் கற்பனை. இடம் மட்டும் நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கு. குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில், அடுக்கடுக்காகக் கேரட் தோட்டம் இருக்கிற ஊர். கதை பிடித்திருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், உரிமைத் தொகை வேண்டாம்.

முதல் படி: இழப்பை எழுதுங்கள்

ஜோக்கிலிருந்து ஆரம்பித்தால் அப்புறம் அந்த ஜோக்கைக் காப்பாற்றுவதற்காகவே ஒரு சோகத்தைத் தேடி அலைய வேண்டிவரும். யாருக்காவது கேன்சர் வரவழைப்பார்கள், இல்லாவிட்டால் லாரி மோதும். அதனால் இழப்பு முதலில் வரட்டும், ஒரே வரியில். அது யார் வந்தாலும் சரிசெய்ய முடியாத இழப்பாகவும் இருக்கட்டும். கடன், பரீட்சை, வேலை போவது என்று வைத்தால், கடைசி நிமிடத்தில் யாராவது வந்து தீர்த்துவைத்துவிடுவார்கள் என்ற நினைப்பு பார்ப்பவருக்கு இருந்துகொண்டே இருக்கும்.

நம் வரி இது: கேரட் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் மாரிமுத்து, ஜனவரி மாதத்தில் ஒரு விடியற்காலை தூக்கத்திலேயே இறந்துபோகிறார். மனைவி செல்வி, எட்டு வயதில் ஒரு பையன். அவ்வளவுதான். முதலாளியின் கொடுமை, ஆம்புலன்ஸ் தாமதம் என்று எதையும் சேர்க்கவில்லை. அதெல்லாம் உண்மையில் நடக்காமல் இல்லை. ஆனால் சேர்த்தால் பார்ப்பவருக்குக் கோபம் வரும். பன்னிரண்டு நிமிடத்தில் கோபத்துக்கும் இடம் கொடுத்தால் மற்ற இரண்டும் மூச்சு முட்டிப்போகும்.

இரண்டாம் படி: இழப்புக்குப் பக்கத்திலேயே ஓர் அற்பத் தேவை

இனிதான் சிரிப்பு. ஆனால் ஜோக் எழுதாதீர்கள். ஒருவருக்கு ஒரு தேவையைக் கொடுங்கள். அது சின்னதாக இருக்க வேண்டும், கையால் தொடக்கூடியதாக இருக்க வேண்டும், அந்த நேரத்தில் வாய்விட்டுக் கேட்க முடியாததாக இருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுச் சின்னராசு ராத்திரியில் கேரட் தோட்டத்துக்குக் காவல் இருக்கிறவர். காட்டுப்பன்றியும் காட்டெருமையும் இறங்கினால் டார்ச் அடித்துச் சத்தம் போட்டு விரட்டுவது வேலை. ஜனவரியில் கேத்தியில் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். குரங்குக் குல்லா இல்லாமல் அந்த வேலை நடக்காது. அவரிடம் இருப்பதோ ஒன்றே ஒன்று. முந்தின நாள் சாயங்காலம் மாரிமுத்து விடாமல் இருமுகிறார். சின்னராசுவுக்கு அன்றைக்கு மட்டும் காவல் இல்லை. மனசே இல்லாமல் குல்லாவைக் கழற்றிக் கொடுக்கிறார்.

"காலைல மறக்காம குடுத்துடு மச்சான்."

விடிந்தால் மாரிமுத்து இல்லை. குல்லா அவர் தலையில் இருக்கிறது.

இப்போது சின்னராசுவுக்கு வேண்டியதெல்லாம் அந்தக் குல்லா. இன்று ராத்திரி காவல் இருக்கிறது. கேட்கவும் முடியாது, சாவு வீட்டில் போய் "என் குல்லாவைக் கொடுங்கள்" என்று யார் வாய் திறப்பார்கள்? இதற்கு ஒரு கெடுவும் இருக்கிறது. பிரேதத்தைக் குளிப்பாட்டும்போது உடம்பில் இருப்பதையெல்லாம் கழற்றி ஒதுக்கிவிடுவார்கள், அந்தத் துணி திரும்ப வீட்டுக்குள் வராது. ஆக, குளிப்பாட்டுவதற்குள் குல்லா கைக்கு வர வேண்டும். திரைக்கதைக்கு வேறு என்ன வேண்டும்? ஆசை இருக்கிறது, தடை இருக்கிறது, நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்றும் ஒரே கம்பளிக் குல்லாவில்.

மூன்றாம் படி: எட்டுக் காரணம், ஒரு தாள்

இது நான் எல்லோரையும் செய்யச் சொல்கிற பயிற்சி. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளை, சொல்கிறது. வரிசையில் முதலில் நிற்பவை நகையும் அழுகையும்தான். ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்கு காரணமும் கொடுத்திருக்கிறது. நகைக்கு எள்ளல் (கேலி), இளமை, பேதைமை (அறியாமை), மடன் (கொண்டதை விடாமை). அழுகைக்கு இளிவு (இழிவுபடுவது), இழவு (இழப்பு), அசைவு (பழைய நிலை கெடுவது), வறுமை. திரைக்கதை சொல்லிக்கொடுக்கும் புத்தகங்களில் இவ்வளவு சுருக்கமான பட்டியல் கிடைப்பது கஷ்டம்.

தாளை நடுவில் மடியுங்கள். இடது பக்கம் நகையின் நான்கு, வலது பக்கம் அழுகையின் நான்கு. உங்கள் கதையில் ஒவ்வொரு காட்சியும் இடது பக்கத்தில் எதைத் தொடுகிறது, வலது பக்கத்தில் எதைத் தொடுகிறது என்று கோடு போட்டு இணையுங்கள். ஒரே பக்கத்தில் மட்டும் நிற்கிற காட்சி கதைக்கு வெளியே கிடக்கிறது என்று அர்த்தம்.

நம் கதையில் சின்னராசுவின் சிரிப்பு மடனிலிருந்து வருகிறது. பிடித்த ஒன்றை விடாத குணம். ஊரே அழுதுகொண்டிருக்கும்போது அவர் கண் குல்லாவிலேயே இருக்கிறது. அதை வலது பக்கத்தில் வறுமையோடு இணைக்கலாம், ஏனென்றால் இன்னொரு குல்லா வாங்கக் கையில் காசில்லை. இந்தக் கோடுதான் கதையைத் தாங்குகிறது. அவர் காசு இருந்தும் கொடுக்காத கஞ்சன் என்று வைத்துப் பாருங்கள், வலது பக்கம் போக வழியே இல்லை. கதை வெறும் கேலியாகச் சுருங்கிவிடும்.

எள்ளலில் இருந்து இளிவுக்குப் போகிற கோட்டில் மட்டும் எச்சரிக்கை. ஒருவரைக் கேலி செய்தால் அவர் கூனிக் குறுகுவார், அது அழுகைக்குக் காரணமாகும், உண்மைதான். ஆனால் அந்த இடத்தில் காமிரா யார் பக்கம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். தோட்டத் தொழிலாளியின் பேச்சையோ, மலைவாழ் மக்களின் உடையையோ காட்டிச் சிரிக்க வைத்துவிட்டு, அடுத்த காட்சியில் அவர்களுக்காகக் கண்ணீர் விடச் சொன்னால் யாரும் விட மாட்டார்கள். விடவும் கூடாது.

வறுமையையே சிரிப்பாக்க முடியாதா என்றால், முடியும். சாப்ளின் 'தி கோல்ட் ரஷ்' படத்தில் (1925) பசியில் ஷூவை வேகவைத்துச் சாப்பிடுகிறார். நாம் சிரிப்பது பசியைப் பார்த்து அல்ல, அந்த மரியாதையைப் பார்த்து. ஷூ லேஸை முள்கரண்டியில் சுற்றி, ஆணியைக் கோழி எலும்பு மாதிரி சப்பி, பெரிய ஹோட்டலில் உட்கார்ந்திருப்பவர் போல நாசூக்காகச் சாப்பிடுகிறார். படப்பிடிப்புக்கு அந்த ஷூவை அதிமதுர மிட்டாயில் செய்தார்கள். பசி நிஜம், நாசூக்கு நிஜம், இரண்டும் ஒரே தட்டில். உங்கள் காட்சியில் அந்த நாசூக்கு எது என்று தேடுங்கள்.

நான்காம் படி: யாருக்கு எப்போது தெரியும்?

குல்லா சின்னராசுவுடையது என்பதைப் பார்ப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். புதிதாக எழுதுகிறவர்கள் இதைக் கடைசியில் ட்விஸ்ட்டாக வைக்கத் துடிப்பார்கள். வைத்தால் என்ன ஆகும்? ஒன்பது நிமிடம் ஓர் ஆள் பிணத்தைச் சுற்றிச் சுற்றி ஏன் வருகிறார் என்று புரியாமல் உட்கார்ந்திருப்பார்கள், பத்தாவது நிமிடத்தில் "ஓ" என்பார்கள். அந்த ஒரு "ஓ"வுக்காக ஒன்பது நிமிடச் சிரிப்பை விட்டுக்கொடுப்பதா?

நமக்குத் தெரியும், சின்னராசுவுக்குத் தெரியும், வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. அதனால் அவர் பிணத்தின் பக்கத்திலிருந்து நகராமல் நிற்பதை ஊரார் பாசம் என்று நினைக்கிறார்கள். தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது சிரிப்புக்கு நல்ல எரிபொருள். அதே தப்பு பின்னால் அவரைக் குத்தவும் போகிறது.

ஐந்தாம் படி: மூன்று முயற்சி, மூன்றாவதில் திரும்புங்கள்

முதல் முயற்சி. அறையில் ஆள் குறைவு. சின்னராசு குனிந்து குல்லாவின் ஓரத்தை மெல்லப் பிடிக்கிறார். உள்ளே வந்த ஒருவர், அவர் பிணத்தைக் கட்டிக்கொண்டு அழப்போகிறார் என்று நினைத்துத் தோளைப் பிடித்துத் தூக்குகிறார். "மனச தேத்திக்கப்பா." சின்னச் சிரிப்பு, அந்தரங்கமானது.

இரண்டாவது முயற்சி பொதுவில். அறை நிறைந்துவிட்டது. சின்னராசு ஊர் நியாயம் பேசுகிற தோரணையில் ஆரம்பிக்கிறார்.

"பெரியப்பா, குல்லாவோட மால போட்டா நல்லாவா இருக்கும்? கழட்டிரலாமே."

பெரியவர் பிணத்தின் முகவாயைப் பார்க்கிறார். "வேணாம்ப்பா. தாடைக்குத் தனியா கட்டு கட்ட வேண்டியதில்ல. குல்லாவே பிடிச்சிருக்கு. இருக்கட்டும்."

குரங்குக் குல்லா முகவாய் வரை இறுக்கிப் பிடிக்கும். வாய் திறந்துவிடாமல் இருக்கத் தாடையில் துணி கட்டுவது நம் வழக்கம். அந்த வேலையைக் குல்லாவே செய்துகொண்டிருக்கிறது. இந்த மாதிரி ஒரு நடைமுறைக் காரணம் கிடைத்தால் விடாதீர்கள். தடை, சிரிப்பு, சாவு மூன்றும் ஒரு வரியில் வந்துவிடுகிறது. பெரியவர் ஜோக் சொல்லவில்லை, நியாயமான வார்த்தை சொல்கிறார். நாம்தான் சிரிக்கிறோம்.

மூன்றாவது முயற்சிக்குச் சின்னராசு தயாராக வருகிறார். எங்கிருந்தோ ஒரு வெள்ளைத் துணிப் பட்டை கிழித்துக்கொண்டு வந்து, "முறையா கட்டிரலாம் பெரியப்பா" என்கிறார். யாரும் தடுக்கவில்லை. துணியைக் கட்டுவதற்கு வசதியாகக் குல்லாவை லேசாக ஏற்றுகிறார். கை மாரிமுத்துவின் கன்னத்தில் படுகிறது. ராத்திரி முழுக்கக் குளிரில் நிற்கிற ஆள் அவர், குளிர் அவருக்குப் புதிதில்லை. இந்தக் குளிர் புதிது. அவர் விரல் அங்கேயே நின்றுவிடுகிறது. அதுவரை அந்தக் கட்டிலில் இருந்தது குல்லாவை வாங்கிக்கொண்டு திருப்பித் தராத ஆள். இப்போதுதான் அங்கே மாரிமுத்து இருக்கிறார், இறந்துபோய்.

அந்த நேரம் பார்த்துச் செல்வி சொல்கிறாள்: "விடிஞ்சதுலேருந்து அவரை விட்டு நகராம நிக்கறது நீங்க ஒருத்தர்தாண்ணே."

குல்லாவைத் திரும்ப இறக்கிவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறார். இதற்கு மேல் அவருக்கு வசனம் எழுதாதீர்கள். எழுதக் கை பரபரக்கும், "என்ன மனுஷன்டா நான்" என்று ஒரு வரி வந்து நிற்கும். அடித்துவிடுங்கள்.

மூன்று முயற்சியும் ஒரே அளவுச் சிரிப்பாக இருந்தால் மூன்றாவதில் திரும்ப முடியாது. ஏற்றம் வேண்டும். முதலாவது உதட்டோரம், இரண்டாவது வாய்விட்டு, மூன்றாவது ஆரம்பிக்கும்போது அதைவிடப் பெரிய சிரிப்பு வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்போடு பார்வையாளர் வாயைத் திறந்திருக்கும்போதுதான் கன்னத்தில் கை பட வேண்டும்.

அப்புறம் குளிப்பாட்டு. குல்லாவைக் கழற்றிக் கொல்லைப்புறத்தில் துணிகளோடு போடுகிறார்கள். வீட்டுக்குள் வராத துணிதான், ஆனாலும் இப்போது யாரும் கேட்க மாட்டார்கள், போய் எடுத்துக்கொள்ளலாம். சின்னராசு தயங்கித் தயங்கிக் கொல்லைக்குப் போகிறார். குவியலில் குல்லா இல்லை. பையன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பெரியவர் சைஸ் குல்லா, கண்ணை மறைத்து மூக்கு வரை இறங்கிவிட்டது. பேச்சுக்குரல் கேட்டு, குல்லாவைத் தூக்கிப் பார்க்கிறான்.

"மாமா, இது உங்களுதா?"

"இல்லடா. உங்கப்பாவுது."

பையனின் இளமை இடது பக்கம், இழவு வலது பக்கம். தாளில் போட்ட கோடு இங்கே வந்து முட்டுகிறது.

ஆறாம் படி: ஒரே செயலை இரண்டு தடவை பயன்படுத்துங்கள்

இதற்குக் கேத்தியிலேயே பாடம் இருக்கிறது. பாலுமகேந்திராவின் 'மூன்றாம் பிறை' (1982) முடிகிற இடம் கேத்தி ரயில் நிலையம். நினைவு திரும்பிய நாயகி ரயிலில் உட்கார்ந்திருக்கிறாள். அதுவரை தன்னைக் கவனித்துக்கொண்ட நாயகனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. முன்பு அவளைச் சிரிக்க வைத்த அதே குரங்குச் சேட்டையை அவன் மழையில் பிளாட்ஃபார்மில் செய்துகாட்டுகிறான். அவள் கண்ணுக்கு அவன் யாரோ ஒரு பைத்தியக்காரன். செயலில் ஒரு மாற்றமும் இல்லை. பார்க்கிறவள் மாறியிருக்கிறாள், அவ்வளவுதான். அங்கே புதிதாக ஒரு சோக நடிப்பைத் திணித்திருந்தால் அந்த முடிவு இத்தனை வருஷம் நின்றிருக்காது.

செய்யவேண்டியது இதுதான். உங்கள் திரைக்கதையில் சிரிப்பு வருகிற செயல்களை ஒரு பென்சிலால் வட்டமிடுங்கள். அவற்றில் எதைப் பின்னால், அப்படியே, ஆள் மாறியோ சூழ்நிலை மாறியோ திரும்பச் செய்ய வைக்கலாம் என்று பாருங்கள். நம் கதையில் குல்லாவைக் கண்ணுக்கு மேல் ஏற்றிவிடுவது அந்தச் செயல். முதல் நாள் சாயங்காலம் மாரிமுத்து அதைப் போட்டவுடன் கண் மறைந்து, ஏற்றிவிட்டுக்கொண்டு சிரிக்கிறார். கடைசியில் பையன் ஏற்றிவிடுகிறான். பையனுக்கு அப்பாவின் ஜாடை இருந்தால் போதும், வேறு எதுவும் விளக்க வேண்டாம். நடிகர் தேர்வில் இதற்காகக் கொஞ்சம் அலையலாம், தப்பில்லை.

ஏழாம் படி: காமிராவை எங்கே வைப்பது

பொதுவாகச் சொல்வது: சிரிப்புக்கு வைட், அழுகைக்கு குளோசப். தள்ளி நின்று பார்த்தால் மனுஷன் படும் பாடு வேடிக்கையாகத் தெரியும், கிட்டே போனால் வலி தெரியும். ஆரம்பத்துக்கு இந்த விதி போதும். ஆனால் நாம் கலக்கப் பார்க்கிறோம், அதனால் இரண்டும் ஒரே ஃபிரேமில் இருக்க வேண்டும்.

வாசற்படியில் காமிராவை ஸ்டாண்டில் போட்டுவிடுங்கள். பத்துக்குப் பத்து அறை, அதற்கு மேல் இடமும் கிடையாது. முன்னால் செல்வி, சுவரில் சாய்ந்து, முகம் தெளிவாக. அவளுக்குப் பின்னால் கட்டில், மாரிமுத்து. அதற்கும் பின்னால் சின்னராசு, குல்லாவையே பார்த்துக்கொண்டு, ஒரு கால் மாற்றி இன்னொரு காலில் நிற்கிறார். ஃபோகஸ் செல்வியிடம். கட் பண்ணாதீர்கள். முதல் சில நொடிகள் பார்ப்பவர்கள் செல்வியைப் பார்ப்பார்கள், அப்புறம் கண் தானாகப் பின்னால் போகும், சிரிப்பு வரும், சிரித்ததற்காகக் கூச்சப்பட்டுத் திரும்ப செல்வியிடம் வரும். இந்தப் போக்குவரத்தைப் பார்வையாளரே செய்ய வேண்டும். நீங்கள் கட் போட்டு, சின்னராசுவின் முகத்துக்கு ஒரு ரியாக்‌ஷன் குளோசப் கொடுத்தால் "இங்கே சிரி" என்று உத்தரவு போட்ட மாதிரி.

முழுப் படத்துக்கும் இரண்டே குளோசப்தான் நான் ஒதுக்குவேன். கன்னத்தில் பட்ட விரல் ஒன்று, குல்லாவைத் தூக்கிப் பார்க்கும் பையன் ஒன்று.

எட்டாம் படி: சத்தம்

காமெடிக்கு "டொய்ங்", சோகத்துக்கு வயலின். இரண்டும் வேண்டாம். பின்னணி இசையே இல்லாமல் முதலில் எடிட் செய்து பாருங்கள்.

ஒப்பாரி இருக்கிறதே, அதைவிடப் பெரிய இசை எது? சாவு வீட்டுக்குப் போயிருப்பவர்கள் கவனித்திருப்பார்கள். நெஞ்சில் அடித்துக்கொண்டு பாடுகிற பாட்டி, வாசலில் யாரோ வருவதைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தி, "வாம்மா, எந்த பஸ்ல வந்தே? காப்பி குடிச்சியா?" என்று விசாரித்துவிட்டு, விட்ட அடியிலிருந்து மறுபடி எடுப்பாள். அந்த அழுகையில் பொய் கிடையாது, விசாரிப்பிலும் பொய் கிடையாது. கலப்பது என்றால் என்ன என்று ஒரு நிமிடத்தில் காட்டிவிடுகிற காட்சி அது. கதையில் எங்கேயாவது வையுங்கள், ஆனால் பாட்டியை கார்ட்டூன் ஆக்காமல். சின்னராசுவின் முயற்சிகள் நடக்கும்போது ஒப்பாரி பின்னால் ஓடிக்கொண்டே இருக்கட்டும். சிரிப்புக்காக அதைக் குறைத்தால் காட்சி உடனே டிராக் ஆகிவிடும்.

தகரக் கூரை வீடு என்றால் மழை வந்தால் லைவ் சவுண்ட் போச்சு. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பர் மழை. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூனில் ஆரம்பித்து ஆகஸ்ட் வரை விடாது. பனியும் குளிரும் வேண்டுமென்றால் ஜனவரிதான்.

ஒன்பதாம் படி: நடிப்பவர்கள்

சின்னராசுவாக நடிப்பவருக்கு இது காமெடிப் படம் என்று சொல்லவே வேண்டாம். குல்லாவை எடுக்க வேண்டும், அதுதான் உன் வேலை, யாரும் பார்க்கக் கூடாது என்று மட்டும் சொல்லுங்கள். தான் வேடிக்கையான ஆள் என்று தெரிந்த பாத்திரம் கவுன்ட்டர் கொடுக்க ஆரம்பித்துவிடும். கவுன்ட்டர் வந்தால் கைதட்டல் வரும், அழுகை வராது.

பிணமாக நடிப்பவரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டும், ஏனென்றால் மலையில் அது தனிப் பிரச்சினை. விடியற்காலைக் குளிரில் மூச்சு விட்டால் புகையாகத் தெரியும். பிணம் புகைவிட்டால் படம் அங்கேயே முடிந்தது. ஷாட்டுக்கு முன்னால் வாயில் ஐஸ் கட்டி வைத்திருந்து துப்பச் சொன்னால் மூச்சுக்காற்றின் சூடு குறைந்து புகை அவ்வளவாகத் தெரியாது. நீண்ட ஷாட்டுகளில் மூச்சை அடக்கித்தான் ஆக வேண்டும். ஜனவரிக் குளிரில் வாயில் ஐஸ் என்றால் அவருக்கு சம்பளம் கூட்டிக் கொடுப்பது தர்மம்.

ஆனால் அந்தப் புகை ஒரு வரமும்கூட. அறையில் அழுகிறவர்கள், பேசுகிறவர்கள், காப்பி கொடுக்கிறவர்கள் எல்லோர் வாயிலும் புகை. கட்டிலில் இருப்பவர் வாயில் மட்டும் இல்லை. இதை யாரும் வசனத்தில் சொல்லக் கூடாது. காலை வெளிச்சம் ஜன்னலிலிருந்து பின்னால் விழுகிற மாதிரி காமிராவை வைத்தால் புகை நன்றாகப் பதியும். முதல் நாள் சாயங்காலக் காட்சியில் மாரிமுத்து இருமும்போது அவர் வாயிலிருந்து புகை வருவதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குளிர் ஊரில் கதை வைத்தால் இப்படி ஊர் கொடுக்கிறதை வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கதையை ஈரோட்டிலேயே வைத்திருக்கலாமே.

குளிரைப் பற்றிப் பேசும்போது ஒரு வசனம் என் மனசில் இருக்கிறது: "இந்தக் குளிர்ல ஐஸ் பொட்டி எதுக்குப்பா வாடகைக்கு?" வாசலில் நிற்கிற யாராவது சொல்லலாம். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குல்லாவோடு சம்பந்தமில்லை, அதனால் எடிட்டில் போய்விடும் என்று தெரிந்தே எடுங்கள்.

பத்தாம் படி: ஊரை விசாரியுங்கள்

நீலகிரி என்றால் ஒரே மாதிரிச் சாவு வீடு கிடையாது. ஹட்டி என்கிற படுகர் ஊரில் நடக்கிற சடங்கு வேறு, தோடர், கோத்தர் முறைகள் வேறு, சமவெளியிலிருந்து வந்து தோட்ட வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களின் வழக்கம் வேறு. நம் கதை கடைசியாகச் சொன்னவர்களுடையது. யாருடைய சாவு என்று தீர்மானித்துவிட்டு, அந்த மக்களிடமே கேட்டு எழுதுங்கள். மதுரைப் பக்கம் பார்த்த சடங்கை ஹட்டியில் கொண்டுபோய் ஒட்டினால் இங்கே இருப்பவர்கள் தப்பான இடத்தில் சிரிப்பார்கள்.

ஷூட்டிங் விஷயம் சுருக்கமாக. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். காட்டுப் பகுதிக்கு வனத்துறை அனுமதி, ஸ்டேஷனுக்கு ரயில்வே அனுமதி. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், உதிரியை சட்டைப் பைக்குள் உடம்புச் சூட்டில் வையுங்கள். வெளியிலிருந்து அடுப்பெரிகிற அறைக்குள் காமிராவைக் கொண்டுவந்தால் லென்ஸில் ஆவி படியும்; துடைத்துக்கொண்டே இருக்காமல் கொஞ்ச நேரம் விட்டால் தானே போய்விடும். முக்கியமாக அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒப்பாரிச் சத்தம் கேட்டால் யாருக்கு என்ன ஆச்சோ என்று வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவார்கள். நிஜச் சாவு வீட்டில் போய் ஷாட் எடுப்பதைப் பற்றி யோசிக்கவே யோசிக்காதீர்கள்.

பதினோராம் படி: எடிட்டிங்கும் முதல் திரையிடலும்

சிரிப்பு வரும் என்று எதிர்பார்க்கிற இடத்துக்குப் பிறகு இரண்டு மூன்று நொடிக்கு முக்கியமான வசனம் எதுவும் வைக்காதீர்கள், சிரிப்பில் காது கேட்காது. அழுகை வருகிற இடத்துக்குப் பிறகு உடனே ஜோக்கும் வைக்காதீர்கள். யாராவது ஒரு வேலை செய்துகொண்டிருக்கட்டும். தண்ணீர் சுமக்கட்டும், நாற்காலி மடக்கட்டும்.

கடைசி ஷாட் எது என்பதில் சண்டை வரும். "உங்கப்பாவுது" என்பதோடு முடித்துவிடலாம் என்று எடிட்டர் சொல்வார். எனக்கு அதற்குப் பிறகு ஒரு வைட் ஷாட் வேண்டும்: அன்று ராத்திரி, கேரட் தோட்டம், சின்னராசு தலையில் குற்றாலத் துண்டைக் காது மூடக் கட்டிக்கொண்டு, காட்டெருமையைப் பார்த்து "ஹோய், ஹோய்" என்று கத்துகிறார், துண்டு அவிழ்ந்து அவிழ்ந்து விழுகிறது. அழுதவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரிப்பார்கள். அவர் இழந்தது என்ன என்பதும் அங்கேதான் தெரிகிறது. எடிட்டர் கேட்கவில்லை என்றால் இரண்டு வெர்ஷனும் போட்டுப் பாருங்கள்.

போட்டுக் காட்டும்போது கூட்டாளிகளை மட்டும் கூப்பிடாதீர்கள், அவர்கள் உங்களுக்காகச் சிரிப்பார்கள். வயதானவர்கள் இரண்டு பேர், சமீபத்தில் வீட்டில் யாரையும் இழக்காதவர்களாகப் பார்த்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிலர், தோட்ட வேலைக்குப் போகிற ஒருவராவது. திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள், எந்த நிமிடத்தில் சிரிப்பு, எந்த நிமிடத்தில் மௌனம், எந்த நிமிடத்தில் போனை எடுக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தபிறகு "எப்படி இருந்தது" என்று கேட்டால் எல்லோரும் நல்லாயிருக்கு என்றுதான் சொல்வார்கள். "சின்னராசு எப்படிப்பட்ட ஆள்?" என்று கேளுங்கள். "பாவம், நல்ல மனுஷன்" என்றால் சரி. "குல்லாவுக்கு அலையற கஞ்சப்பய" என்று யாராவது சொன்னால், முதல் நாள் சாயங்காலக் காட்சியில் அவர் குல்லாவைக் கழற்றிக் கொடுக்கும் முன் தயங்குகிறாரே, அந்தத் தயக்கத்தின் நீளத்தைக் குறையுங்கள். பெரும்பாலும் ஒரு நொடி வெட்டினாலே போதும்.